இரண்டு விரல் அகலம்

தம்பி,

இதை வாசிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள். பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா சுகம், எனக்கு இரத்தத்தில் சீனி வழக்கம்போலக் கொஞ்சம் கூட. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதி அவனுடைய சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிடுகிற தகப்பன் ஸ்காபரோவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாயால் சொல்ல மூன்று தடவை பார்த்தேன். ஒருநாள் காருக்குள், ஒருநாள் தலைமுடி வெட்டப் போன இடத்தில், ஒருநாள் நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில். மூன்று தடவையும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிட்டேன். என் வாய் ஒரு பொய்யை ஆறு வருடம் காவல் காத்த வாய். அதிலிருந்து உண்மை லேசில் வராது போலிருக்கிறது.

மூன்று கிழமைக்கு முன் கலியாணக் கார்டுகளுக்குப் பெயர் எழுதினோமே, நினைவிருக்கும். அம்மா பட்டியலைப் பார்த்துச் சொல்ல, நான் எழுத, நீ உறைகளை ஒட்டினாய். பிக்கரிங்கில் பெண் வீட்டாருக்கு எத்தனை, நமக்கு எத்தனை என்ற சண்டையெல்லாம் முடிந்த பிறகு அம்மா திடீரென்று, "உந்தச் சீன ரீச்சருக்கும் ஒரு கார்ட் குடுப்பமே? அவவின்ரை வீட்டை எத்தினை நாள் சாப்பிட்டிருப்பாய்" என்றாள். நீ உறையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம் அம்மா. எந்த முகத்தோட அங்கை போறது?" என்றாய். குரலில் கோபம் கூட இல்லை. அம்மா அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். என் பேனை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. முகம் இல்லாமல் போக வேண்டியவன் நான். நீ ஏன் உன் முகத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க எனக்கு அப்போதும் துணிவு வரவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரிகாலத்தை எடுத்துக்கொள்வோம். நீ பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். கம்ப்யூட்டர் படிக்கிறாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, நீ ஒருநாள் சாப்பாட்டு மேசையில், பழைய சீன எழுத்துக்கலையைப் பற்றித்தான் ஆய்வு செய்யப்போவதாகச் சொன்னாய். அதற்காக இரண்டு வருடமாகச் சனிக்கிழமை சீன வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாய், ஏழெட்டு வயதுச் சீனப் பிள்ளைகளோடு ஒரு தமிழ்த் தடியனாக. அந்த வகுப்பின் ரீச்சர்தான் லியூ அன்ரி. புருசன் இறந்தபின் றிச்மண்ட் ஹில்லில் தனியாக இருந்த மனுசி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீனனுக்கே சீன எழுத்து இப்ப தேவைப்படேல்லை. நீ அதைப் படிச்சு ஆருக்குக் கடிதம் எழுதப் போறாய்?" என்றேன். அம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் சொன்னது பகிடி என்று நீ நினைத்திருக்கலாம். அது பகிடியில்லை.

ஆனாலும் நீ விடவில்லை. புட்டைப் பிசைந்துகொண்டே சொல்லுவாய். அரசர் காலத்தில் அங்கே உத்தியோகம் பார்க்கிறவன் முதலில் நல்ல கையெழுத்துக்காரனாக இருக்க வேண்டும், எழுத்தை வைத்தே ஆளை எடைபோடுவார்கள். முத்திரை வெட்டுவது முதலில் கொத்துவேலைக்காரனின் வேலையாக இருந்தது, பிறகு மென்மையான கல்லைக் கண்டுபிடித்ததும் படித்தவர்களே கத்தியைக் கையில் எடுத்துவிட்டார்கள். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வெட்டி, கல்லின் பக்கவாட்டில் யார் யாருக்காக வெட்டினேன் என்று பொடி எழுத்தில் கொத்திவைப்பார்கள். ஒரு தாளை வைத்திருந்தவர்கள் எல்லாரும் தங்கள் சிவப்பு முத்திரையை அதன் ஓரத்தில் குத்துவார்கள், ஒரு பேரரசர் ஆசை அடங்காமல் ஓவியத்துக்கு நடுவிலேயே குத்தித் தள்ளினார். இவ்வளவும் இன்று எனக்கு வரிசையாக ஞாபகம் வருகிறது. அப்படியானால் காது கேட்டிருக்கிறது. கேட்காதது நான்தான்.

லியூ அன்ரி உன்னை நம்பி அந்தத் தாளைத் தந்தார். அவருடைய பாட்டனின் பாட்டன் காலத்துச் சொத்து, ஊரை விட்டு ஓடும்போது ஒரு குடையின் மடிப்புக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது. நீ அதை மேசையில் விரித்து, கையை நன்றாகத் துடைத்துவிட்டு வரச் சொல்லி எங்களைக் கூப்பிட்டாய். எவனோ ஒரு அதிகாரி, பல்லுவலி என்பதால் விருந்துக்கு வரமுடியாது என்று நண்பனுக்கு எழுதிய நாலு வரி. "பல்லுவலிக்கு இவ்வளவு எடுப்போ?" என்று நான் கேட்டேன். நீ ஓரத்தைக் காட்டினாய். இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்தில் மூன்று முத்திரை, வலப்பக்கம் ஒரு விரல் அகலத்தில் இரண்டு. "அப்பா, ஆக்கள் எழுத்தைத்தான் பாப்பினம். எனக்கு இந்த ஓரம்தான் முக்கியம். இதிலை ரெண்டு முத்திரை ஒரே ஆள் வெட்டினது. முத்திரைச் சொந்தக்காரர் வேறை வேறை, ஆனா கத்தி திரும்புற விதம் ஒண்டுதான். அந்த ஆள் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் கண்டுபிடிக்கப் போறன்." உன் விரல் தாளில் படாமல் அரை அங்குலம் மேலே நின்றது. சின்ன வயதில் தணலைக் காட்டும்போது அப்படித்தான் காட்டுவாய்.

அடுத்த கிழமை பல்கலைக்கழகத்தில் அதைப் படமெடுக்க இருந்தது. தாள் சுருளாமல் நேராக நிற்க, பின்னால் ஒரு மட்டை வேண்டும். வீட்டிலேயே பிரேம் கடை வேலைக்காரன் இருக்கும்போது நீ வேறு யாரிடம் கேட்பாய்? "பின்னுக்கு ஒரு மட்டை வைச்சாக் காணும் அப்பா. ஒட்ட வேண்டாம். ஒண்டும் வெட்டிப்போடாதேங்கோ." நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. "பத்து வருசமாப் பிரேம் போடுறன். நீ எனக்குப் படிப்பிக்க வாறியோ?"

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். கடையில் ஒரு கறுப்பு மரப் பிரேம் கிடந்தது. செய்யச் சொன்னவன் திரும்பி வரவேயில்லை. நல்ல மரம். முதலாளி எடுத்துக்கொள் என்று தந்துவிட்டார். மகனுடைய ரீச்சருக்கு மட்டையோடு கொடுப்பதா, பிரேமே போட்டுக் கொடுத்து என் கெட்டித்தனத்தைக் காட்டுவோம் என்று நினைத்தேன். தாளை வைத்துப் பார்த்தால் அகலம் கூட. நம்முடைய ஆட்கள் வருட முடிவில் பலசரக்குக் கடைக் கலண்டரைக் கொண்டுவருவார்கள் அல்லவா, முருகனையும் லட்சுமியையும் பிரேம் போட. கடைப் பேரும் போன் நம்பரும் உள்ள ஓரத்தை நறுக்கி எறிந்துவிட்டுச் சாமியை மட்டும் எடுத்துக் கண்ணாடிக்குள் வைப்போம். அப்படி எத்தனை வெட்டியிருப்பேன்! கைக்கு அது மனப்பாடம். நடுவில் இருப்பது சாமி, ஓரத்தில் இருப்பது விளம்பரம். இரும்பு அடிமட்டத்தை வைத்து, புது பிளேட் போட்டு, இடப்பக்கம் ஒரு இழுப்பு, வலப்பக்கம் ஒரு இழுப்பு. சட்டைக்கு அளவாக ஆளை வெட்டினேன். வெட்டிய துண்டுகளில் சிவப்பு முத்திரைகள் சுருண்டு கிடந்தன. நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அதுவும் இரண்டாவது இழுப்புக்கு முன்னாலேயே வந்தது. ஒரு பக்கம் வெட்டியாயிற்று, மற்றப் பக்கத்தை வெட்டாவிட்டால் கோணலாகத் தெரியும் என்று வெட்டினேன். துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டு, மேலே பழைய மட்டைகளையும் போட்டு மூடினேன். வியாழக்கிழமை குப்பை லொறி வந்து எடுத்துப் போனது. தெரியாமல் செய்தவன் மூடமாட்டான், தம்பி.

மண்ணிறத் தாளில் சுற்றி உன்னிடம் தந்தபோது, "அன்ரியின்ரை வீட்டிலை வைச்சு அவிழ், ஒரு சந்தோசமான சாமான் இருக்கு" என்றேன். உன்னை அவர் முன்னால் வைத்து அவிழ்க்கச் செய்தவனும் நான்தான். அன்று பின்னேரம் போன் அடித்தது. "அப்பா, ஓரம் எங்கை?" என்று நீ கேட்டாய். மெதுவாகத்தான் கேட்டாய். பின்னால் ஒரு பொம்பிளையின் குரல் ஏதோ சொல்வது கேட்டது. எனக்கு அப்போது இரண்டு வழி இருந்தது. நான் சொன்னது: "எந்த ஓரம்? நீ தந்த மாதிரித்தான் இருக்கு." நீ, "சரியப்பா" என்று சொல்லிப் போனை வைத்தாய். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னவாம் பெடியன்?" என்றாள். "ஒண்டுமில்லை, சும்மா" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அன்று பூசணிக்காயை விழுங்கச் சொல்லி உன் வாயில் திணித்தேன் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அதன் பிறகு நீ சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. ஆய்வையும் விட்டாய். ஏதோ கடைசிப் பாடங்களை எடுத்து முடித்து, பிறம்ரனில் லொறிகளுக்கு வழி சொல்லுகிற வேலைக்குப் போனாய். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அது சரிவரேல்லை" என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. சீனப் பைத்தியம் விட்டுவிட்டது, பெடியன் உழைக்கத் தொடங்கிவிட்டான் என்று. என் மகனுடைய ஆசையைக் கொன்றுவிட்டு, அது நல்ல சாவு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போவேன். லியூ அன்ரியின் வீடு அங்கிருந்து காரில் ஐந்து நிமிடம். ஆறு வருடத்தில் ஒருநாளாவது அந்தத் தெருவுக்குள் திருப்பவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

போன சனிக்கிழமை திருப்பினேன். உன்னிடம் சொல்லாமல் ஒரு கார்டை எடுத்துக்கொண்டு போனேன். கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்வதுதானே நம் முறை. அது ஒரு சாட்டு என்று எனக்கே தெரியும். கதவைத் திறந்தவருக்கு என்னைத் தெரியவில்லை. உன் தகப்பன் என்றதும் முகம் மாறியது. உள்ளே விட்டார், தேநீரும் தந்தார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். இரண்டு பேருக்கும் இரவல் மொழி, அதனால் ஒளித்துப் பேச வசதி இல்லை. நான் கார்டை நீட்டுமுன் அவரே, "உன் மகன் கெட்டவன் இல்லை. அவசரக்காரன். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று தானே வெட்டிவிட்டதாகச் சொன்னான். அழுதான். ஆனால் என்னால் மன்னிக்க முடியவில்லை, பேராசிரியருக்கும் சொல்லிவிட்டேன்" என்றார்.

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். ஆறு வருடமாக நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், நீ என் பொய்யை நம்பிவிட்டாய், எங்கோ வழியில் பழுதாகிவிட்டது என்று இருக்கிறாய் என்றுதான். நீ ஒரு கணம்கூட நம்பவில்லை. போனை வைத்த கையோடு அவரிடம் திரும்பி, "நான்தான் செய்தேன்" என்று சொல்லியிருக்கிறாய். ஏனடா? தகப்பனைப் பிறத்தியார் முன்னால் பொய்யனாக்கக் கூடாது என்றா? நான் அப்படியான மரியாதையை உனக்குப் பழக்கினேனே என்று நெஞ்சு எரிந்தது. "மகன் வெட்டவில்லை. வெட்டியது நான். அவன் வெட்டாதே என்று சொன்னான்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. நான் எதிர்பார்த்துப் போனது அழுகையோ மன்னிப்போ ஏதாவது ஒன்று. வந்தது நல்ல சூடான ஏச்சு. "ஆறு வருடம் பிழையான ஆளை வெறுக்க வைத்தாயே" என்றார்.

எழும்பி உள்ளே போய் ஒரு சுருளைக் கொண்டுவந்து விரித்தார். அந்தத் தாளைப் பிரேமிலிருந்து எடுத்து, நீளமான இன்னொரு தாளில் ஒட்டிச் சுருளாக்கியிருந்தார். அவர்கள் முறை அதுவாம். எழுத்துக்குப் பக்கத்தில் வெறும் தாள் விட்டிருப்பார்கள். வைத்திருக்கிறவர், பார்த்தவர், பழுது பார்த்தவர் எல்லாரும் அதற்கு என்ன நடந்தது என்று அதில் எழுதி வைப்பார்கள். நூறு வருடம் கழித்து எடுக்கிறவனுக்கு எல்லாம் தெரிய வேண்டும். பல்லுவலிக்காரனின் வரிகளுக்குப் பக்கத்தில் அவர் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார், மேலிருந்து கீழாக. விரலை வைத்து வாசித்துக் காட்டினார். ஓரங்களையும் ஐந்து முத்திரைகளையும் இன்ன பெயருள்ள மாணவன் வெட்டினான் என்று. அவர்கள் குடும்பப் பெயரைத்தான் எழுதுவார்கள். உனக்குக் குடும்பப் பெயர் ஏது? நம் வழக்கப்படி என் பெயர்தான் உன் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. சீன எழுத்தில் என் பெயரை அவர் உச்சரித்ததும் ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது, சரியான பேர்தானே எழுதியிருக்கிறது, இதோடு எழும்பிப் போகலாம் என்று. இவ்வளவு நடந்த பிறகும் அப்படித்தான் என் புத்தி போனது. அவருடைய விரல் அடுத்த எழுத்தில் நின்றது. "மாணவன்" என்றார். மாணவன் நீதான், தம்பி.

அதை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினார். "நாங்கள் அழிப்பதில்லை. அழித்தால் அது இன்னொரு வெட்டு. பக்கத்தில் எழுதலாம். நான் எழுதமாட்டேன், எனக்கு இது கேள்விப்பட்ட கதை. செய்தவன் எழுது." எனக்குச் சீனம் தெரியாது என்றேன். உன் மொழியில் எழுது என்றார். கார்டையும் வாங்கவில்லை. உன் கையால் தந்தால் வருவாராம்.

நீ அடுத்த மாதம் ஒரு வீட்டுக்குத் தலைவன் ஆகப்போகிறாய். புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. நீ எனக்காகச் செய்ததை உன் பெண்சாதிக்காகச் செய்யாதே. அவள் பிழை விட்டால் அவளோடு சண்டை பிடி, அவள் பழியை எடுத்து விழுங்கிவிட்டு "சரி" என்று சொல்லாதே. ஒருவர் விழுங்கிக்கொண்டே இருக்கிற வீட்டில் மற்றவர் என்னைப்போல ஆகிவிடுவார். உனக்குப் பிறக்கிற பிள்ளை சாப்பாட்டு மேசையில் விளங்காத எதையாவது சொன்னால் கேள். விளங்காவிட்டாலும் கேள். அது எதைத் தொடாதே என்று சொல்கிறதோ அதைத் தொடாதே. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் கண் கெட்ட பிறகு தெரிந்தது.

அன்று லியூ அன்ரி ஒரு பழைய பேப்பரையும் தூரிகையையும் தந்து பழகச் சொன்னார். எனக்குப் பேனையில்தான் கை வரும். தூரிகையில் என் தமிழ் தடித்துத் தடித்து விழுந்தது. முதலில், "இதன் ஓரங்களை நான் தெரியாமல் வெட்டிவிட்டேன்" என்று எழுதினேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். "தெரியாமலா?" என்றார். நான் மறுபடி எழுதினேன். பேப்பர் முழுவதும் எழுதி முடித்து, பிறகு சுருளில், அவருடைய வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்:

"இந்தத் தாளின் இரண்டு ஓரங்களையும் வெட்டியவன் நான். வெட்ட வேண்டாம் என்று மகன் சொன்னான். அவன் சொன்னது நினைவு வந்த பிறகும் வெட்டினேன். அவன் கேட்டபோது பொய் சொன்னேன். பழியை அவன் எடுத்துக்கொண்டான்."

கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன். அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு முழம் வெறும் தாள் கிடக்கிறது. அங்கே போ, தம்பி. என்னைப் பற்றி உனக்கு என்ன எழுதத் தோன்றுகிறதோ அதை எழுது. எதுவாக இருந்தாலும் அழிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன்.

அப்பா